ஆம்பூரில் பால் காய்ச்சப் போனேன்

அறுபதுகளின் தொடக்கம். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த என் தங்கை புருஷனுக்கு முதலாளி புது லைன் வீடு கொடுக்கிறாராம், பால் காய்ச்ச வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக இருக்குமோ என்று எனக்கு அப்போதே உறுத்தல்.

காட்பாடியிலிருந்து பாசஞ்சர் ரயிலில் சுமார் முப்பது மைல். காலை ஆறரைக்கு ஏறி எட்டரைக்கு இறங்கினேன். ஜட்காவுக்கு எட்டணா.

"பாலாத்தங்கரை குடிசைங்களுக்கா? இன்னிக்கு அங்க யாரும் இருக்கமாட்டாங்களே சார்!" என்றார் ஜட்காக்காரர். இவருக்கு எப்படித் தெரியும் என்று அவர் மேலும் சந்தேகம் வந்தது.

அவர் சொன்னது சரிதான். எல்லோரும் ஒன்பது மணிக்குப் புது லைனில் பால் காய்ச்ச வேண்டும் என்று ஷாப் மேஸ்திரி உத்தரவாம். எஸ்தரம்மாள் மட்டும் குடிசை குடிசையாக நுழைந்து வந்துகொண்டிருந்தார். தோல் ஷாப்பில் வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர். குடிசைகள் இருந்த அந்தப் புறம்போக்கு நிலத்துக்கு எல்லோருக்கும் பட்டா கேட்டு வருஷக்கணக்காகத் தாலுக்கா ஆபீஸுக்கு நடப்பவர் என்று தங்கை சொல்லியிருக்கிறாள். இருந்தாலும் ஆளில்லாத வீட்டில் இவருக்கு என்ன வேலை? தங்கையின் குடிசைக்குள் அவர் போனதும் பின்னாலேயே போனேன்.

அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் பாக்கறீங்க? குனிஞ்சு ஊதுங்க. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வர்றாரு. அடுப்பு எரியலன்னா ஆளில்லாத குடிசைன்னு எழுதிக்குவாரு. அப்பறம் பட்டாவ எங்க போய் கேக்கறது?"

"அதான் புது வீடு கொடுக்கிறாங்களே?"

"வேலை இருக்கிற வரைக்கும்தான் அது வீடு. என்னைத் துரத்தின மாதிரி துரத்தினா சட்டிபானை தெருவுல! அத்தினி பேரையும் ஒரே நேரத்துல பால் காய்ச்சச் சொன்னாம் பாருங்க அந்த மேஸ்திரி, இந்த நிலத்த முதலாளி அமுக்கப் பாக்கறாருன்னு அப்பவே எனக்குத் தட்டிச்சு."

தோல் பதனிட்டுக் கழித்துப்போட்ட ஆவாரம்பட்டைதான் அங்கே விறகு. எரிவது கம்மி, புகை ஜாஸ்தி. கண்ணெரிய நானும் அடுப்படுப்பாக ஊதினேன்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார், கூடவே மேஸ்திரி. எல்லாக் கூரையிலும் புகை. மேஸ்திரி முகத்தில் ஈயாடவில்லை. கடைசிக் குடிசையில் மட்டும் அடுப்புச் சாம்பல் குளிர்ந்து கிடந்தது.

"ஐயோ, அது என் வீடு சார்!" என்றார் எஸ்தரம்மாள். ஊருக்கெல்லாம் மூட்டியவர் தன் அடுப்பை மறந்துவிட்டார்.

"இந்தம்மாவுக்கு இங்க வேலையே இல்ல சார், எப்பவோ போய்ட்டாங்க" என்றார் மேஸ்திரி. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். நான் கத்தியும் பயனில்லை.

ஆம்பூர் போகிறவர்கள் காலை ரயிலிலேயே போங்கள், வெயில் தாங்காது. மாற்றுச் சட்டை அவசியம். யாராவது சும்மா வீடு தருகிறேன் என்றால் பழைய வீட்டில் ஒரு ஆளை வைத்துவிட்டுப் போங்கள்.

என் தங்கைக்குப் பட்டா கிடைத்தது. எஸ்தரம்மாள் சாகும்வரை அவள் வீட்டுத் தாழ்வாரத்தில்தான் படுத்தார்.