அம்மனுக்கு நேர்ந்த சீக்கு

முத்தையாபுரத்தில் சீனித்தாயைப் போலக் கோழி வளர்த்தவர் எவருமில்லை. அவளைப் போலப் பறிகொடுத்தவரும் இல்லை. இரண்டு கோடையாகக் கழிச்சல் நோய் வந்து கூட்டைத் துடைத்துவிட்டுப் போயிருந்தது. மூன்றாம் முறையாக, ஆழ்வார்திருநகரித் தாய்வீட்டுக் குஞ்சுகளை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து வளர்த்தாள். இவையும் போனால் இனிக் கோழியே வேண்டாம் என்று புருஷன் மந்திரமூர்த்தியிடம் சொல்லிவிட்டாள். உப்பளத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அவன், தனக்காக அவள் இத்தனை கவலைப்பட்டதில்லையே என்று மட்டும் யோசித்தான்.

ஊரில் ஒரு தர்மம் இருந்தது. கோழி தூங்கி வழிந்து கழுத்தைக் கோணினால், அதை இசக்கியம்மனுக்கு நேர்ந்து கோயில் வாசலில் விட்டுவிடுவார்கள். நல்ல கோழி குழம்புக்கு. இந்தப் பங்கீட்டில் அம்மன் இதுவரை குறை சொன்னதில்லை. நேர்ந்த கோழியை யாரும் விரட்டக் கூடாது. எந்த வீட்டில் புகுந்து மேய்ந்தாலும் அந்த வீட்டுக்குப் பாக்கியம்.

அந்தப் பாக்கியத்தின் மேல்தான் சீனித்தாய்க்குச் சந்தேகம். தூத்துக்குடிக்குப் போய் மாட்டாஸ்பத்திரி டாக்டர் சிவசுப்பிரமணியனிடம் கேட்டாள். ஊசிமருந்து வர நாளாகும், அதுவரை உன் கோழிகளைச் சீக்குக் கோழிகளோடு சேர விடாதே என்றார் அவர்.

"ஒவ்வொரு கோழிக்குள்ளயும் கிருமி குட்டி போட்டுப் பெருகும்மா. எல்லாக் குட்டியும் அப்பனை மாதிரியே இருக்காது. ஒண்ணு ரெண்டு மாறிப் பொறக்கும். சீக்குக் கோழியெல்லாம் ஒரே இடத்துல கூடினா, வேகமாத் தாவுற முரட்டுக் குட்டிதான் ஜெயிக்கும்."

"அப்பம் கோயில் வாசல்ல சீக்குக்குப் பள்ளிக்கூடம் நடத்துதோம்னு சொல்லுங்க, சார்."

வீட்டைச் சுற்றி உடைமரத்து முள்வேலி எழுந்தது. மறுநாளே அம்மன் கோழி ஒன்று கோணிய கழுத்தை முள்ளுக்குள் நுழைத்தது. சீனித்தாய் முற்றம் பெருக்கிய வாரியலை ஓங்கினாள்.

"ஏளா சீனி! அம்மன் கோழியவா வெரட்டுத?" பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள் போட்ட சத்தத்தில் துறைமுகத்துக் கப்பல் ஊதுவது நின்றிருக்கும்.

"நீ நேர்ந்த கோழிதானளா? முட்டையிட்ட வரைக்கும் ஒனக்கு, கழிஞ்சா அம்மனுக்கா?"

சாயங்காலம் கோயில் முன் கூட்டம் கூடியது. கோயில் பெரியவர் தளவாய் அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார்: செய்த குற்றத்துக்கு ஒரு கோழி நேர்ந்து விட வேண்டும். சீனித்தாய் மறுபேச்சுப் பேசாமல் போய், கூட்டிலேயே நேர்த்தியான முட்டைக்கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கூட்டம் எட்டிப் பார்த்தது. திடமான கோழி ஒன்றை அம்மனும் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"இந்தாங்க அண்ணாச்சி, அம்மன் கோழி. இத அந்தச் சீக்குக் கூட்டத்துல விட்டு, நாளைக்குச் செத்துப்போச்சுன்னா அம்மனுக்கு யாரு பதில் சொல்லுவா? நீங்களா, நானா?"

தளவாய் மீசையைத் தடவினார். சீக்குக் கோழி செத்தால் அம்மன் எடுத்துக்கொண்டாள் என்று சொல்லலாம். நல்ல கோழி செத்தால் என்ன சொல்ல? முன்னோர் இதற்கு வழி வைத்துவிட்டுப் போகவில்லை.

"ஏலே, சீக்குக் கோழியள எல்லாம் பிடிச்சுத் தனியா அடைங்கலே!" என்றார் கடைசியில். "இனிமே கழிச்சல் கோழிய எவன் இங்கன கொண்டாந்தாலும், அபராதம் ரெண்டு நல்ல கோழி."

அன்றோடு ஊரின் பக்தி பாதியாகக் குறைந்தது.

ஊசிமருந்து வந்த அன்று சீனித்தாயின் கூட்டில் எல்லாக் கழுத்தும் நேராக நின்றன. ஒவ்வொன்றாக இறக்கையை விரித்துப் பிடித்து டாக்டரிடம் நீட்டினாள். முள்வேலிக்கு வெளியே பிச்சம்மாள் நின்றாள்.

"ஏளா, அடை வைக்க நாலு முட்டை தருவியா?"

"தாரேன். அங்கனயே நில்லு."