கிணற்றடியில் என் வாய் திறந்த நாள்

மாதாவின் பிள்ளைகளே, நாலு பேர் முன்னால் நின்றால் எனக்குக் குரல் வராது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், உள்ளங்கை நனையும். பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு, தமிழ் இரண்டும் அந்த நேரத்தில் ஓடிவிடும். முப்பத்தொன்பது வயது வரை இப்படித்தான் இருந்தேன். இப்போது அறுபத்தொன்று. இதை எழுதுவதற்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் இருந்தால் மாதாவுக்கு நன்றி சொல்லாதவனாவேன்.

பாகூர் மேரியில், அதாவது பிரெஞ்சு சர்க்காரின் கொம்யூன் அலுவலகத்தில், நான் கணக்குப்பிள்ளை. பிறப்பு, சாவு, கல்யாணம் பதிவது என் வேலை. காகிதம் என்னைத் திரும்பிப் பார்க்காது. அதனால் நிம்மதியாக இருந்தேன்.

ஐப்பசி மழை விட்டதும் ஏரிக்குக் கீழே இருக்கிற ஒரு ஊரில் காலரா வந்தது. ஒரே வாரத்தில் ஐந்து பெயர் எழுதினேன். குடிக்கிற கிணற்றில் மருந்து போட வேண்டும், ஒரு நாள் யாரும் அதில் நீர் எடுக்கக் கூடாது, அதுவரை காய்ச்சிய தண்ணீர்தான் என்று உத்தரவு வந்தது. ஊர் ஊராய் அறிவிப்புப் படிக்கிறவருக்குக் காய்ச்சல். மேரியின் காரியதரிசி என்னை அனுப்பினார்.

சனிக்கிழமை காலை போனோம். கூட வந்த ஏழுமலை பறை அடித்தான். எங்கள் பக்கத்தில் மேரிப் பறை கேட்டால் ஜனங்கள் நினைப்பது ஒன்றுதான். வரி. பாதிப் பேர் கன்றுக்குட்டியை ஓட்டிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார்கள். மிச்சம் முப்பது பேர் இருப்பார்கள். பிரெஞ்சு உத்தரவை நான்தான் தமிழாக்கியிருந்தேன். "சகல ஜனங்களும் அறிந்துகொள்ளத்தக்கது" என்று தொடங்கிக் காகிதத்துக்குள்ளேயே முணுமுணுத்தேன்.

அஞ்சலை என்று ஒரு அம்மாள். அவள் புருஷன் வீட்டுக்குள்ளே பேதியில் கிடந்தார். அவள்தான் முதலில் கத்தினாள்.

"இன்னா கணக்குப்புள்ள, கிணத்துல கீற தவளைக்கா சேதி சொல்றீங்க? எங்க காதுல வுழலியே!"

எல்லோரும் சிரித்தார்கள். ஏழுமலைகூடத் திரும்பிக்கொண்டு சிரித்தான். மருந்தைக் கிணற்றில் போடப் போனோம். பெண்கள் கிணற்றைச் சுற்றிக் குடத்தோடு நின்றுவிட்டார்கள். விஷம் என்றார்கள். திரும்பி வந்தோம்.

காரியதரிசி கோபப்பட்டார். "திங்கக்கிழமையும் ஒத்துக்கலன்னா போலீஸ வச்சு கிணத்தப் பூட்டிடுவேன்" என்றார். பூட்டினால் அவர்கள் குட்டைக்குத்தான் போவார்கள். குட்டைத் தண்ணீர் என்ன செய்யும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

முந்தின வருஷம் எங்கள் தெரசா அதில்தான் போனாள். ஆறு வயது. ஒரே பெண். அவளைப் பற்றி நான் வீட்டில்கூடப் பேசுவதில்லை. என் மனைவி சவேரியம்மாள் பேச வந்தால் எழுந்து போய்விடுவேன்.

ஞாயிறு விடியுமுன் கிளம்பி வில்லியனூர் மாதா கோவிலுக்கு நடந்தேன். பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு மாதாவின் முன் முழந்தாளிட்டேன். என்ன கேட்டேன் என்பதை மறைக்க மாட்டேன். காலராவை நிறுத்தச் சொல்லி முதலில் கேட்கவில்லை. "தாயே, நாளைக்கு என்னைப் பார்த்து ஊர் சிரிக்க விடாதே. கோர்வையாய்ப் பேச வாய் கொடு" என்றுதான் கேட்டேன். பிறகுதான் அந்த ஊர் ஞாபகம் வந்தது. அதற்காக இன்னும் மூன்று ஜெபமாலை சொன்னேன்.

திங்கட்கிழமை போனோம். அதே பறை, அதே காகிதம். இந்தத் தடவை கூட்டம் அதிகம், வேடிக்கை பார்க்க. வாய் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மாதா கைவிட்டாள் என்றே நினைத்தேன்.

அஞ்சலை முன்னால் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மருந்தாமே மருந்து! புள்ளகுட்டி பெத்தவன்தானய்யா நீ? உம் புள்ளைக்கு ஊத்துவியா இந்தத் தண்ணிய?"

"ஊத்திருப்பேம்மா" என்றேன். "எம் புள்ள இல்ல இப்போ."

அந்த வார்த்தை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நிற்கவில்லை. குட்டைத் தண்ணி குடிச்சா. காலைல விளையாடினா. பொழுது சாயறதுக்குள்ள உதடு காஞ்சி போச்சி. தண்ணி தண்ணின்னா. குடுத்தா வாந்தி. கண்ணு உள்ள போயிடுச்சி. அப்போ எங்களுக்கு இப்படி ஒருத்தரும் வந்து சொல்லல. இப்படியே சொல்லிக்கொண்டு போனேன். காகிதம் கீழே விழுந்ததும் தெரியாது. நடுவில் அழுதுவிட்டேன். சத்தமாக, மூக்கு ஒழுக, சின்னப் பையன் மாதிரி. தலைப்பாகை கட்டிய மேரிக் கணக்குப்பிள்ளை.

யாரும் சிரிக்கவில்லை. ஏழுமலை பறையைத் தரையில் வைத்தான். அஞ்சலை ஒதுங்கி வழிவிட்டாள்.

"போடுய்யா" என்றாள். "போட்டுத் தொல. அழாத. பாக்க சகிக்கல."

மருந்தைப் போட்டோம். தண்ணீர் கத்தரிக்காய் நிறமானது. மறுநாள் நிறம் தெளிகிற வரை ஒரு குடமும் உள்ளே இறங்காமல் அஞ்சலையே காவல் இருந்தாளாம். அதற்குப் பிறகு அந்த ஊரில் இன்னும் இரண்டு பேர் போனார்கள். அவர்கள் முன்பே படுத்தவர்கள். புதிதாக யாரும் படுக்கவில்லை. அஞ்சலையின் புருஷன் பிழைத்தார்.

நான் அன்றைக்கு வெட்கம் தாங்காமல் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வரப்பு வழியாகவே வீடு வந்தேன். வாசலில் உட்கார்ந்து சவேரியம்மாளிடம் தெரசாவைப் பற்றிப் பேசினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரமே பக்கத்து ஊர்க்காரர்கள் மேரிக்கு வந்து, "அழுத கணக்குப்புள்ளய அனுப்புங்க" என்று கேட்டார்கள். காரியதரிசி சிரித்தார். நான் குன்றிப்போனேன். ஆனாலும் போனேன். ஒன்பது ஊர். பிறகு வருஷா வருஷம் நானே கேட்டுப் போனேன். செத்தவர்களை எழுதத்தான் எனக்குச் சம்பளம் என்று பதினாறு வருஷம் இருந்தவன் நான். ஒரு பெயரை எழுத வேண்டி வராமல் பார்த்துக்கொள்வதும் என் வேலைதான் என்று அந்தக் கிணற்றடியில் மாதா காட்டினாள்.

கோர்வையான வாய் கேட்டேன். அது இன்றுவரை வரவில்லை. கை இன்னும் நனைகிறது. பிரியமானவர்களே, பேசப் பயந்து ஒதுங்கி நிற்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். மாதாவிடம் போங்கள். நீங்கள் கேட்டதற்குப் பதிலாக அவள் வெட்கத்தைக் கொடுத்தால், அதையும் இரண்டு கையால் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வெட்கத்துக்குள்ளேதான் எனக்குப் பேச்சை வைத்திருந்தாள்.