தொட வேண்டாம் என்று சொல்லி வைத்த கார்

இங்கிலாந்தில் தேநீர் வேண்டுமா என்று ஒருமுறைதான் கேட்பார்கள். பழைய பந்தயக் கார்களைத் திருத்தும் பட்டறையில் நான் சேர்ந்த முதல் நாள் முதலாளி கேட்டார். மரியாதைக்கு, "நோ, தாங்க்ஸ்" என்றேன். இன்னொரு தடவை கேட்பார், அப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றேன். மனிதர் தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கிழமை முழுக்கத் தொண்டை வறண்டபடியே வேலை செய்தேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது புதுக்கதை அல்ல. நாளடைவில் நானும் மாறிவிட்டேன். வேண்டுமென்றால் வேண்டும், வேண்டாமென்றால் வேண்டாம். அந்தப் பழக்கத்தோடுதான் போன மாதம் திருகோணமலையில் வந்து இறங்கினேன்.

வந்தது அத்தானின் காருக்காக. அக்காவைக் கட்டியவர், அங்கே பாலையூற்றில் வீடு. துறைமுகத்தில் வேலை செய்த அவருடைய தகப்பனாரிடம், நாடு திரும்பிய வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரி ஒருவர் விட்டுப்போன இரண்டு இருக்கைப் பந்தயக் கார் அது. அலுமினிய உடம்பு, கூரை கிடையாது, கதவு பேருக்குத்தான். அந்த வகையில் உலகத்தில் மிஞ்சியவை மிகக் கொஞ்சம். சண்டைக் காலத்தில் யாரும் கொண்டுபோய்விடக் கூடாதென்று சில்லுகளைக் கழற்றி ஒளித்து, காரைக் கல்லின்மேல் இருத்தி, ஓலையால் மூடிக் காப்பாற்றியவர் அத்தான். அவர் இல்லாவிட்டால் அந்தக் கார் இல்லை.

அவர் அனுப்பிய படத்தைக் கண்டதும் என் முதலாளி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். முதன்முதலாக அடித்த பச்சைப் பெயின்ற், பக்கத்தில் தூரிகையால் எழுதிய பந்தய இலக்கம், எல்லாம் வெடித்து உரிந்தபடி அப்படியே இருந்தன. எங்கள் தொழிலில் அந்தப் பழைய பெயின்ற்தான் உயிர். இயந்திரத்தை எப்படியாவது ஓட வைத்துவிடலாம், அந்தத் தோல் போனால் போனதுதான். அதே தோலோடு அதை ஓட்டிப் பார்க்க வேண்டுமென்று எனக்கு ஆசை பிடித்துவிட்டது. உடனே தொலைபேசி எடுத்தேன்.

"அத்தான், நான் வருமட்டும் ஒண்டும் செய்யாதேங்கோ. தொடவே வேண்டாம்."

"சரி சரி, நீர் வாரும்," என்றார்.

வந்தேன். கொட்டிலுக்குள் கார் இரத்தச் சிவப்பில் மின்னிக்கொண்டிருந்தது. கிண்ணியாவிலிருந்து, படகுகளுக்குப் பெயின்ற் அடிக்கும் கைராசிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, பழைய பச்சையை அலுமினியம் தெரிய உரஞ்சி எடுத்து, புதிதாக அடித்திருந்தார்.

"தொட வேண்டாமெண்டு சொன்னனான் எல்லோ அத்தான்?"

"ஓம், நீர் அப்பிடித்தானே சொல்லுவீர். அதுக்காக நாங்கள் சும்மா இருக்க ஏலுமே? இவ்வளவு தூரத்தில இருந்து வாறீர்."

ஒன்றும் சமைக்க வேண்டாமென்று அக்காவிடமும் சொல்லியிருந்தேன். குசினியிலிருந்து நண்டுக்கறி மணந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. வரப்போகிற விருந்தாளி மரியாதைக்குச் சொல்லும் 'வேண்டாம்' என்றுதான் இரண்டு பேரும் எடுத்திருக்கிறார்கள். யாரைக் கோபிப்பது? கண் கலங்கியதைக் காட்டாமல் காருக்குள் குனிந்து இருக்கையைத் தூக்கினேன். அடித்தகட்டில், உள்ளங்கை அகலத்துக்கு, பழைய பச்சை மிஞ்சியிருந்தது.

அத்தானும் எட்டிப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அட, இதை விட்டிட்டார். நாளைக்கு ஆளை வரச்சொல்லட்டே?"

"வேண்டாம் அத்தான்."

"உமக்கேன் சங்கடம்? நான் செய்விக்கிறன்."

"உண்மையாத்தான் வேண்டாம்."

அவர் சிரித்தபடி என் முதுகில் தட்டினார். உள்ளேயிருந்து அக்கா சாப்பிடக் கூப்பிட்டார். "வாறன்" என்று குரல் கொடுத்துவிட்டு, பச்சையின்மேல் வைத்த கையை எடுக்காமல் அங்கேயே நின்றேன்.