உடுவில் ஏலத்தில் நான் தூக்கிக்கொண்டு போன பூசணிக்காய்

என்னோடு திருகோணமலையில் படித்த ஜெயந்தி கல்யாணமாகி உடுவிலுக்குப் போய் ஆறு வருடங்கள். "எங்கடை மாதர் சங்கத்தின்ரை விற்பனை வாற சனிக்கிழமை. வந்து சாப்பிட்டிட்டுப் போ" என்று அழைத்தாள். சாப்பாடு என்றால் நான் மறுப்பதில்லை. வெள்ளி காலை 5.30க்குப் பேருந்து ஏறினேன். வவுனியா வழியாக ஆறரை மணி நேரப் பயணம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பலாலி வீதியோரம் ஒரு விடுதி, இரவுக்கு 3,500 ரூபாய். மின்விசிறி முனகும், ஆனால் குளியலறை சுத்தம்.

மறுநாள் காலை ஓட்டோவில் உடுவில். ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர், 700 ரூபாய். தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில் ஒன்பது மணிக்கே கூட்டம். பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற்கூழ் 300, தட்டைவடை பை 200. எல்லாம் சங்கத்துப் பெண்கள் வீட்டில் செய்து கொண்டுவந்தவை.

இந்த முறை சேரும் பணம் தொண்டைமானாற்றுப் புஷ்பத்துக்கு. கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, இரண்டு பெண்பிள்ளைகள். மிளகாய்த்தூள் கையால் இடித்து விற்கிறார், கட்டுப்படியாகவில்லை. அரைக்கும் மெஷின் ஒன்று இருந்தால் பிழைத்துக்கொள்வார். அதற்கு இன்னும் முப்பதாயிரம் ரூபாய் வேண்டும் என்றாள் ஜெயந்தி. புஷ்பமும் வந்திருந்தார். கதிரையில் உட்காரச் சொன்னால் கேட்காமல், பின்பக்கம் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

பத்தரைக்கு ஏலம். மேசையில் ஒரே ஒரு பூசணிக்காய், புஷ்பம் தன் வளவில் காய்த்ததைப் பேருந்தில் கொண்டுவந்தது. ஏலம் கூறியவர் ஓய்வுபெற்ற ரீச்சர். எனக்குப் போட்டி என்றால் இரத்தம் சூடாகிவிடும். 1,200 ரூபாய்க்கு எடுத்துவிட்டேன், கைதட்டினார்கள். ஜெயந்தி அடுக்களையில் நின்றதால் சொல்லாமலே, காயை விடுதியில் வைத்துவிட்டு வரக் கிளம்பினேன். மண்டபம் சட்டென்று அமைதியானது. "எல்லாரும் ஒருக்காத் தேத்தண்ணி குடியுங்கோ" என்றார் ரீச்சர். நல்ல உபசரிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஓட்டோக்காரர் கண்ணாடியில் காயைப் பார்த்தார். "அக்கா, உது ஏலத்திலை எடுத்ததோ?"

"ஓம் அண்ணை."

வண்டியை ஓரங்கட்டினார். "எடுத்தாக் காசைக் குடுத்திட்டு, காயைத் திருப்பி மேசையிலை வைக்கோணும். பிறகு இன்னொராள் எடுப்பார். அப்பிடியே சுத்திச் சுத்தித்தான் காசு சேரும். நீங்கள் கொண்டு வந்திட்டா அங்கை என்னத்தைக் கூறுறது?"

"ஒருத்தரும் சொல்லேல்லையே!"

"வெளியூரிலையிருந்து வந்த ஆளிட்டை எப்பிடிக் கேக்கிறது?"

வெட்கத்தில் காது எரிந்தது. ஒரு பெண்ணின் மெஷினை அல்லவா மடியில் வைத்துக்கொண்டு போகிறேன்! திரும்பினோம். மண்டபத்தில் இரண்டாவது தேநீர் ஓடிக்கொண்டிருந்தது. காயை மேசையில் வைத்தேன். ரீச்சர் ஒன்றும் நடக்காததுபோல, "ஆ, காய் உலாத்திப்போட்டு வந்திட்டுது" என்று சொல்லிக் கூறத் தொடங்கினார்.

பதின்மூன்று தடவை சுற்றியது. நானே இன்னும் இரண்டு முறை எடுத்தேன். முப்பதாயிரம் தாண்டிய பிறகும் ரீச்சர் காயை மறுபடி கூறினார். பின்பக்கமிருந்து ஈரக்கையோடு ஒரு குரல்: "இருநூறு."

புஷ்பம். பழக்கதோஷத்தில் முந்நூறு என்று சொல்ல வாயெடுத்தேன். ஜெயந்தி என் காலை மிதித்தாள். இதுவரை கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒருவரும் கூட்டிக் கேட்கவில்லை. "ஒருதரம் ரெண்டுதரம் மூண்டுதரம்" என்று ரீச்சர் ஒரே மூச்சில் முடித்தார். புஷ்பம் சேலைத் தலைப்பிலிருந்து இரண்டு நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து மேசையில் வைத்தார்.

போகிறவர்களுக்குச் சில: சில்லறைத் தாள்களாகக் கொண்டுபோங்கள். கூழ் பதினொரு மணிக்குள் தீர்ந்துவிடும். திரும்பும்போது யாழ்ப்பாணத்தில் இருந்து பேருந்துக்கு ஆசனம் முன்பதிவு செய்வது நல்லது. கைப்பையில் கொஞ்சம் இடமும் விடுங்கள். நான் புறப்படும்போது புஷ்பம் காயை வெட்டி, பாதியைத் தாளில் சுற்றிக் கையில் தந்தார். வேண்டாம் என்றேன்.

"இது நான் காசு குடுத்து எடுத்த காய் அக்கா. ஆருக்கும் குடுப்பன்" என்றார்.