சனம் போகிற பக்கம்

போன வருடம் சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு வந்த சனிக்கிழமை. மாங்குளத்தில், யாழ்ப்பாணம் போகிற ஏ9 பெருவீதியில் இருந்து பிரிந்து போகும் வீதி ஒன்றை மறித்துப் பெரிய களியாட்ட விழா வைத்தார்கள். எங்கள் பக்கத்துச் சனம் அதைக் கானிவேல் என்றுதான் சொல்லும். ராட்டினம், பாட்டுக் கச்சேரி, வாணவேடிக்கை என்று ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒரு கிழமையாக ஊர் ஊராகக் கத்திக்கொண்டு திரிந்தது. அது எங்கள் ஊரான மல்லாவிக்கு வந்த நாளில் இருந்து என் மகளுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு எட்டு வயது.

எனக்கோ சனக் கூட்டம் என்றாலே பயம். கோயில் தேருக்குக்கூட, தேர் இருப்பிடத்துக்கு வந்து சனம் கலைந்த பிறகு போய்க் கும்பிடுகிற ஆள் நான். அம்மனுக்கு என்னைப் பற்றித் தெரியும், கோபிக்க மாட்டா. ஆனால் பிள்ளைக்கு அப்படிச் சொல்ல முடியுமா? முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தாள். கணவருக்கு அன்று வயலில் உழவு மெஷின் வருகிற நாள். கடைசியில் நானும் அவளும் மட்டும் போவதென்று முடிவானது.

நான் செய்த ஆயத்தத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட், டோர்ச், பனடோல், ஒரு துவாய், பொலித்தீனில் சுற்றிய அடையாள அட்டை. மகளுக்குத் தூரத்தில் இருந்தே தெரிகிற மாதிரிச் சிவப்புச் சட்டை. அவள் கையில் மணிக்கட்டுக்கு மேலே என் தொலைபேசி இலக்கத்தைப் பேனையால் எழுதினேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்ற கணவர் கேட்டார்.

"கானிவேலுக்குப் போறியளோ, இடம்பெயர்ந்து போறியளோ?"

அவருக்கு எல்லாம் பகிடி. நான் முறைத்துவிட்டு, பஸ்ஸில் ஏறியதும் மகளுக்கு முக்கியமான பாடத்தைச் சொல்லிக் கொடுத்தேன். "அம்மான்ர கை விடுபட்டால் ஒரு இடத்தில நிண்டு அழக்கூடாது. சனம் போற பக்கமே போகோணும். அடுத்த இடத்தில நான் வந்து பிடிப்பன்." அவள் பெரிய மனுசி மாதிரி "ஓம்" என்றாள். திருப்பிச் சொல்ல வைத்தும் பார்த்தேன். ஒரு சொல் பிசகவில்லை.

சண்டைக் காலத்தில் எங்கள் குடும்பத்துக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான். அப்போது இருந்தது ஒரு பாதை. எல்லாரும் ஒரே பக்கம்தான் போனோம். நின்றவருக்குத்தான் ஆபத்து. ஒருமுறை நானே வீட்டாரிடம் இருந்து பிரிந்துவிட்டேன். அழாமல் சனத்தோடு சனமாக நடந்து, அடுத்த ஊரில் ஒரு பள்ளிக்கூடத்து மரத்தடியில் என் அம்மாவைப் பிடித்தேன். என்னைக் காப்பாற்றிய சட்டம் என் பிள்ளையையும் காப்பாற்றும் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை.

கானிவேல் உண்மையிலேயே நன்றாக இருந்தது. பொய்க்கால் குதிரை ஆடினார்கள். மகள் தும்பு மிட்டாயை முகம் முழுக்க அப்பிக்கொண்டாள். வளையம் எறிந்து ஒரு பிளாஸ்டிக் வாளி வென்றோம். வென்றது நான்தான், அதை இன்றைக்கும் கணவருக்குச் சொல்லிக் காட்டுவேன். பொழுதுபட, பயம்கூடக் கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. ராட்டினத்தில் ஏறுவோம் என்று ஒரு இறால் வடைக் கடையைத் தாண்டி நடந்தோம்.

அப்போது முதல் வாணம் வெடித்தது. கச்சேரி முடிந்த பிறகுதான் வாணவேடிக்கை என்று நினைத்திருந்தேன். சொல்லாமல் கொள்ளாமல், தலைக்கு மேலே இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

அடுத்து என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. நினைவு வந்தபோது வீதியில் குப்புறப் படுத்திருந்தேன். இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். யாரோ என் காலில் மிதித்துவிட்டு ஓடினார்கள். ஒரு கை என் தோளைப் பிடித்து வடைக் கடை மேசைக்குக் கீழே இழுத்தது. இழுத்தது கடைக்கார அக்கா. அவாவும் அங்கேதான் குந்திக்கொண்டிருந்தா. கழுத்தில் சிலுவைச் சங்கிலி, கையில் வடை எடுக்கிற கரண்டி.

"வாணம் தங்கச்சி, வாணம்" என்றா. தனக்கும் சேர்த்துத்தான் சொன்னா.

எழும்பிப் பார்த்தால், வீதியில் விழுந்து படுத்தது நான் மட்டும் இல்லை. என் வயதுக்காரர் அங்கங்கே எழும்பி, ஒருவரை ஒருவர் பார்க்காமல் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒரு ஐயா தன் முழங்காலைப் பார்த்துத் தானே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே மகள் பக்கம் திரும்பினேன்.

மகள் இல்லை.

தலையைப் பொத்த இரண்டு கை வேண்டும். அதில் ஒன்று அவளைப் பிடித்திருந்த கை. கத்தினேன். வாணம் வெடிக்கிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஏ9 பக்கத்து வெளியில் நின்றுதான் வாணம் விடுகிறார்கள் என்று சனம் முழுக்க அந்தப் பக்கம் திரண்டு போய்க்கொண்டிருந்தது. வீதியின் அந்த முனையில் நாலு கட்டைகள்தான் மறிப்பு. அதற்கு அங்கால் யாழ்ப்பாண பஸ்ஸும் லொறியும் பறக்கிற ஏ9.

கடைக்கார அக்கா என் இரண்டு தோளையும் பிடித்தா. "அழாதையுங்கோ. பிள்ளைக்கு என்ன சொல்லி வைச்சனீங்கள்?"

வேறு யாராக இருந்தாலும் என்ன சட்டை, என்ன உயரம் என்றுதான் கேட்டிருப்பார்கள். இந்த அக்கா முதலில் கேட்டது இதைத்தான்.

"சனத்தோட போகச் சொன்னனான்."

அவா கரண்டியாலேயே நெற்றியில் தட்டிக்கொண்டா. "ஐயோ, நானும் என்ர பிள்ளையளுக்கு அதைத்தானே சொல்லி வைச்சிருக்கிறன்!" முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் தன் ஊர் என்று பிறகு சொன்னா. அவாவும் அதே பாதையால் நடந்து வந்த ஆள்தான் என்று அந்தக் கணமே விளங்கியது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் இன்னொன்றும் விளங்கியது. சொன்னது கேட்கிற பிள்ளை என்றபடியால், அவள் நிற்க மாட்டாள். அழவும் மாட்டாள். அழாமல் நடக்கிற பிள்ளையின் கையில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் பார்ப்பார்கள்?

அக்கா அடுப்பை நிற்பாட்டினா. தன் கணவரைக் கூப்பிட்டுக் கடையடியில் நிற்கச் சொன்னா. "சிவப்புச் சட்டைப் பிள்ளை திரும்பி வந்தால் விட்டிடாதையுங்கோ" என்றுவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடைக்கு ஓடினா. மைக் வைத்திருந்த தம்பி நல்ல பிள்ளை. விசயத்தைக் கேட்டதும் பாட்டை நிற்பாட்டினார். வாணத்தை நிற்பாட்டச் சொல்லி ஆளும் அனுப்பினார். பிறகு மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், "காணாமல் போன..." என்று தொடங்கினார்.

"அந்தச் சொல்லைச் சொல்லாதையும் தம்பி" என்றா அக்கா. "பிள்ளை நடந்து போகுது, அவ்வளவுதான். தாய் கதைக்கட்டும்."

சண்டையில் தொலைந்து இன்றுவரை திரும்பாதவர்களை வன்னியில் அந்தச் சொல்லால்தான் சொல்லுவோம். அதன் பாரம் எங்களுக்குத் தெரியும். அந்தத் தம்பிக்கும் தெரிந்திருக்க வேண்டும், மைக்கை என் கையில் தந்தார். நான் வாழ்க்கையில் மைக் பிடித்தது இல்லை. மகளின் பெயரைச் சொன்னேன். பிறகு வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பிள்ளை, அம்மா கதைக்கிறன். இனி நடக்க வேண்டாம். சனம் போனாலும் நீங்கள் போக வேண்டாம். நிண்ட இடத்திலேயே நில்லுங்கோ. நான் வாறன்."

என்ன நடந்தது தெரியுமா? முழு வீதியும் நின்றுவிட்டது. ஏ9 பக்கம் போய்க்கொண்டிருந்த அத்தனை சனமும் போட்டது போட்டபடி நின்றது. குழந்தைகளைத் தோளில் வைத்திருந்தவர்கள், கச்சான் கடலை வாங்கியவர்கள், எல்லாரும். எங்கோ ஒரு குழந்தை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒவ்வொருவரும் குனிந்து தங்கள் காலடியைப் பார்க்கத் தொடங்கினார்கள். இவ்வளவு சனமும் எனக்காகக் குனிந்து தேடியது.

வீதியின் முனையில் நின்ற ஐஸ்கிறீம் வானின் கூரைப் பக்கம் ஒரு சிவப்புச் சட்டை எழும்பியது. வான்காரர் அவளைத் தன் தோளில் தூக்கி வைத்திருந்தார். நான் ஓடினேன். சனம் தானாக விலகி வழி விட்டது. அந்த மறிப்புக் கட்டைகள் அவளுக்குப் பத்தடி தூரத்தில்கூட இல்லை. கட்டைக்கு அங்கால் ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

அவள் அழவில்லை. கட்டிப்பிடித்து அழுதது நான்தான். வீட்டில் ஆயத்தம் செய்த கெட்டிக்காரி!

"சனம் நிண்டுட்டுது அம்மா, அதால நானும் நிண்டனான்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த இடம் எதெண்டு நீங்கள் சொல்லேல்லையே. அதுதான் பயமா இருந்தது" என்றாள்.

அந்தக் காலத்தில் என் அம்மாவும் எனக்குச் சொல்லவில்லை. அவாவுக்கும் தெரிந்திருக்காது.

அக்காவின் கடைக்குத் திரும்பி வந்தோம். இறால் வடையைப் பேப்பரில் சுற்றித் தந்து, "இனிப் பிள்ளையளுக்குப் பாடத்தை மாத்துவம் தங்கச்சி" என்றா. தன் பிள்ளைகளுக்கு அன்றைக்கே தொலைபேசி எடுத்துச் சொல்லப் போவதாகவும் சொன்னா. மகள் வடையைத் தின்று முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "ராட்டினம்?" என்றாள். ஏறினோம். மேலே போனபோது மீண்டும் வாணம் விட்டார்கள். இந்த முறை நான் தலையைப் பொத்தவில்லை. ஒரு கை ராட்டினக் கம்பியில், மற்றக் கை அவள் கையில். கண்ணை மட்டும் மூடிக்கொண்டேன், அதை அவள் அப்பாவிடம் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

இந்த வருடமும் போனோம், கணவரையும் இழுத்துக்கொண்டு. போனவுடன் அக்காவின் கடையைத் தேடிப் பிடித்து, கை விடுபட்டால் சந்திக்கிற இடம் இதுதான் என்று மகளுக்குக் காட்டினேன். கடையைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "நிண்ட இடத்திலேயே நிப்பன், நீங்கள் வருவீங்கள்" என்று, தும்பு மிட்டாயில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். ஒரு பிள்ளையிடம் "நில், நான் வருவேன்" என்று சொல்லக்கூடிய காலத்துக்கு நானும் வந்து சேர்ந்துவிட்டேன் என்பதை, அந்த மைக்கைப் பிடித்துச் சொன்ன பிறகுதான் நான் நம்பினேன்.