வெள்ளிக்கிழமையும் மச்சம்

என் இடது கண்ணின் வெள்ளையில், கருவிழியை ஒட்டினாற்போல், எள்ளளவில் ஒரு மண்ணிறப் புள்ளி இருக்கிறது. பிறவி மறு, ஒன்றும் செய்யாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கண்டாவளையில் அந்தச் சொல் யாருக்குப் போதும்? ஒருத்தி கண்ணில் பூ விழுந்துவிட்டது என்றாள். இன்னொருத்தி சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொன்னாள். தொண்ணூறுகளில் வன்னியில் உடுப்புத் தோய்க்கவே சவர்க்காரம் கிடையாது. அந்த அறிவாளிக்கு என் கண்ணைக் கழுவ வேண்டியிருந்தது.

அந்த நாளில் கோயிலடிப் பாலர் பாடசாலைக்கு ஆசிரியை தேடினார்கள். எங்கள் பக்கத்தில் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்தவள் நான் ஒருத்திதான். அந்த வேலை இல்லையென்றால் அம்மாவோடு நானும் யாருடையதோ வயலில் புல்லுப் பிடுங்கப் போக வேண்டியதுதான். ஆளைத் தெரிவு செய்தது கோயில் தலைவரின் மனைவி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வாய்க்காலோரம் காணி எடுத்த குடும்பம். எங்களைப் போலத் தானும் வந்து குடியேறியவர் என்பதை மறக்க அவருக்கு மூன்று ஏக்கர் போதுமாயிருந்தது.

அம்மா வன்னிக்கு வருமுன் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். பிறகு மறைத்துவிட்டோம் என்று பேச்சு வரக்கூடாதென்று, என்னைக் கூட்டிக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனவுடனேயே சொல்லிவிட்டாள்.

“எம் புள்ளைக்கு மச்சம் இருக்குங்கம்மா.”

மலையகத்தில் மறுவுக்கு மச்சம் என்றுதான் பெயர். அவருக்கோ மச்சம் என்றால் மீனும் இறைச்சியும்.

“வெள்ளிக்கிழமையிலையுமோ?”

“எல்லா நாளும் இருக்குங்க. பொறந்ததிலேருந்தே.”

“சிவசிவா! கோயிலடியில வேலைக்கு வந்து...”

“நல்லதுதாங்க. அதிர்ஷ்டம்னு சொல்லுவாங்க.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இமையை இழுத்துக் கண்ணைக் காட்டினேன். “ஓ, மறுவோ!” என்றார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன், மடைச்சி.

அவர் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“மறு பரவாயில்லைப் பிள்ளை. ஆனால் கொம்மா கதைக்கிறதைக் கேட்டனீர்தானே? நாளைக்கு எங்கட பிள்ளையளும் அப்பிடிக் கதைக்கத் தொடங்கினால் என்ன செய்யிறது?”

வேண்டாப் பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம். வேலை அவருடைய தங்கையின் மகளுக்குப் போனது. அவள் சாதாரண தரத்தில் கோட்டை விட்ட பாடம் தமிழ்.

வழியில் அம்மா, “நான் தப்பாப் பேசிட்டேனா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. இந்த ஒன்றுக்காகத்தான் அந்த மனுசியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மலையில் ஒரு நிரையில் நின்று அடுத்த நிரைக்குக் கேட்கக் கூப்பிட்டுச் சிரித்தவள் என் அம்மா. அதற்குப் பிறகு சங்கக் கடையில் பருப்பை விரலால் காட்டித்தான் வாங்கினாள்.