கிரீஸுக்கு அடியில் மூன்று புள்ளி

தாய்லாந்தின் சமுத் பிராகானில் உள்ள அந்தப் பட்டறையில் சுமாலியின் கைபடாமல் எந்த வண்டிச் சாமானும் அடுப்புக்குப் போனதில்லை. பதினாறு வருஷம்! கிரீஸைக் கழுவுவாள், ரப்பர் புஷ்ஷைத் தட்டிக் கழற்றுவாள், திருகு மரை உள்ள ஓட்டைகளை ரப்பர் மூடியால் அடைப்பாள். அப்புறம்தான் இரும்புக் குண்டு அடித்துத் துரு எடுப்பதும், பெயிண்ட் பவுடரைத் தூவி அடுப்பில் சுடும் பவுடர் கோட்டிங்கும். சாமான் கலந்துபோகாமல் இருக்கச் சீட்டு ஒட்டினால் அடுப்பில் கருகிவிடும். அதனால் ஆளுக்கொரு அடையாளத்தைப் பஞ்ச் உளி வைத்துக் குத்துவார்கள். சுமாலியுடையது மூன்று புள்ளி, பக்கத்தில் ஒரு கோடு.

அன்று காலை பிரயோங் மாமா முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு ஆர்ம்களைக் கொண்டுவந்து போட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் பிக்கப் அவருடையது. சுமாலியின் மகள் பிம்மும் அதில்தான் போகிறாள், அதுவும் அடம்பிடித்து முன் சீட்டில். பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு வண்டியை வாசலில் ஜாக்கி மேல் நிறுத்தியிருந்தார்.

"மூணு மணிக்குள்ள குடுத்துடும்மா. பிள்ளைங்க காத்துக் கிடக்கும்."

"பேசாம வண்டியப் பேரீச்சம்பழத்துக்குப் போடுங்க மாமா."

"போடி இவளே! வண்டியக் காக்கிற வண்டித்தாய்க்கு தினம் மாலை போடறேன். அவ பாத்துப்பா."

சிரித்துக்கொண்டே வலது ஆர்மைத் துடைத்தாள். கிரீஸுக்கு அடியில் மூன்று புள்ளி, ஒரு கோடு. அட, நம்ம கை! அடுத்த நொடி அது எந்தச் சாமான் என்று ஞாபகம் வந்தது. சுத்தியலால் தட்டினாள். நல்ல இரும்பின் கணீர் இல்லை, செத்த சத்தம். சுரண்டியதும் மேலே பூசியிருந்த சாம்பல் நிறப் பட்டிப் பசை பாளம் பாளமாக உதிர்ந்தது. அடியில் விரல் நீளத்துக்கு விரிசல்.

மறக்குமா? நாலு வருஷத்துக்கு முன்னால் பழைய சாமான் வியாபாரி ஒருவன் கொண்டுவந்தது. "குண்டு அடிச்சா விரிசல் வாயப் பொளந்துடும். பட்டி வச்சு மூடிடு. காட்சிக்கு நிக்கிற வண்டிதான், ஓடப்போறதில்ல" என்றான். எவன் வண்டியோ, எனக்கென்ன என்று மூடினாள். பாவி!

"முகமெல்லாம் வெளுத்துப்போச்சு, என்னாச்சு?" என்று குனிந்த பிரயோங் மாமா விரிசலைப் பார்த்து ஆடிப்போனார். "ஐயோ! போன வருஷம்தானே பழைய சாமான் கடையில வாங்கினேன். ஒரு வருஷமா இதுலயா பிள்ளைங்கள ஏத்தினேன்? எந்தச் சண்டாளன் செஞ்ச வேலை இது?"

பொய் சொல்லியிருக்கலாம். புள்ளிக்குச் சொந்தக்காரி யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் முன் சீட்டில் ஜன்னலுக்கு வெளியே கையாட்டும் பிம்மின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

"நான்தான் மாமா. இது என் அடையாளம்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, இன்றைக்கு வண்டி வராது என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இதுமாதிரி இன்னும் எத்தனைய மூடி அனுப்பியிருக்க?"

சுமாலி விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். ஒரு கை போதவில்லை.